கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் யானை பாய்ந்து வந்தது: நாளைக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

வணக்கம். தாராளமாகக் கூட்டிப் போங்கள். காதை அகல விரித்து, தலையைத் தூக்கி, பிளிறிக்கொண்டு வந்து ஜீப்புக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டது என்கிறீர்கள். பக்கத்திலேயே குட்டி. அது மிரட்டி விரட்டும் பொய்ப் பாய்ச்சல். நிஜமாகவே தாக்க வரும் யானை பெரும்பாலும் காதைப் பின்னுக்கு ஒட்டி, தும்பிக்கையை உள்ளே சுருட்டி, சத்தமில்லாமல் வரும்.

யானையின் கன்னத்தில் நீர் வழிந்ததால் மதம் என்று அம்மா பயந்தது இயல்புதான். நம் ஊர் யானைகளைப் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைப்போம். ஆனால் ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் பதற்றத்தில் அங்கே நீர் கசியும். மதம் ஆணுக்குத்தான்: சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், வாடை தூக்கும். யானை ஆய்வாளர்கள் ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் 1981-இல் ஆப்பிரிக்க யானையின் மதத்தைப் பற்றி எழுதியது இதே அம்போசெலி யானைகளை வைத்துத்தான். அப்படி ஓர் ஆணைக் கண்டால் தூரத்திலேயே விலகிவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது ஓட்டுநர் செய்தது. படத்துக்காகத் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வண்டியை விட்டிருக்கிறார். செய்யவே கூடாது, பொய்ப் பாய்ச்சல் நிஜமாக மாறுவதும் உண்டு. கிளம்பும் முன்பே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பகலில் கூட்டங்கள் சதுப்பு நிலத்தில் இறங்கி மேயும். அங்கே வழியை மறிக்காமல் தள்ளி நின்று பார்த்தாலே போதும். காது விரிந்தால் யாரும் எழ வேண்டாம், கத்த வேண்டாம். அம்மாவை நடு இருக்கையில் உட்கார வையுங்கள்.