விளையாடியதும் எல்லாமே பொய் என்கிறார்கள்: தாராவி மாலை வகுப்பு

பொய்ச் செய்தியை அடையாளம் காணப் பழக்கும் 'பேட் நியூஸ்' என்ற இணைய விளையாட்டை ஆடிய பிறகு, உங்கள் தாராவி மாலை வகுப்புப் பிள்ளைகள் உண்மைச் செய்தியையும் பொய் என்று தள்ளுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டீர்கள். அடுத்த வகுப்பில் உண்மைச் செய்திகளையும் சரிபாதி கலந்து கொடுங்கள். அதுதான் இதற்கு மருந்து.

காரணம் பெரும்பாலும் இதுதான்: 2018இல் வந்த அந்த விளையாட்டில் ஆடுபவரே பொய் பரப்புபவர். ஆள்மாறாட்டம், உணர்ச்சியைக் கிளறுவது என்று ஆறு உத்திகள் பழகுகிறார். உண்மையை அடையாளம் காணும் பயிற்சி அதில் கிடையாது. பக்கத்து சயானில் நான் இதே வகுப்பை நடத்தியபோது, "ஞாயிறு மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது), மாட்டுங்கா-முலுண்ட் ரயில்கள் தாமதம்" என்ற உண்மைச் செய்திச் சீட்டில் ஒரு சிறுமி பொய் என்று சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டாள். அவள் அப்பா தினமும் போவது அந்த ரயிலில்தான். எனக்கு மனசே கேட்கவில்லை.

சரி, சோதித்துப் பார்க்க: பத்து ஃபார்வர்டு, அதில் ஐந்து உண்மை. ஆடும் முன் ஒரு செட், ஆடிய பின் வேறு செட். மொத்த மதிப்பெண் வேண்டாம். உண்மையைப் பொய் என்றது எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். ஆடிய பின் அது கூடியிருந்தால், வளர்ந்தது பிரித்தறியும் திறன் அல்ல, எதையும் சந்தேகப்படும் பழக்கம்தான். இந்த மாதிரி விளையாட்டுகள் பற்றிய பழைய ஆய்வுகளை 2023இல் மறுபடி அலசியவர்களும் இதையே சொன்னார்கள்.

ஒன்று மட்டும் கவனம்: பொய்ச் சீட்டுகளை எண்ணித் திரும்ப வாங்கிவிடுங்கள். யாராவது போட்டோ எடுத்தால் இரவுக்குள் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும்.