ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கொட்டாரம்

அன்புள்ள சார்,

என் அண்ணன் குடும்பம் சென்னையிலிருந்து வருகிறது. சனி ராத்திரி வந்து செவ்வாய் காலையில் கிளம்புகிறார்கள். திருவனந்தபுரத்தில் மியூசியம், அரண்மனை எல்லாம் பார்க்க வேண்டுமாம். மதினி பெரிய பட்டியலே அனுப்பியிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நேப்பியர் மியூசியம் போனதோடு சரி. அதிலும் பக்கத்து மிருகக்காட்சிசாலையில் பார்த்த சிங்கம்தான் ஞாபகம் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ச., களியக்காவிளை

அன்புள்ள ச.,

முதலில் திங்கட்கிழமையைக் கழித்துவிடுங்கள். மியூசியம், மிருகக்காட்சிசாலை, குதிரமாளிகை, பத்மநாபபுரம் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. நானே ஒருமுறை மாமியார் வீட்டு ஆட்கள் பதினொரு பேரை வேன் பிடித்துத் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போய், பூட்டிய கேட்டுக்கு வெளியே மோர் வாங்கிக் கொடுத்துத் திரும்பி வந்தவன். கல்யாண வீடுகளில் இன்றும் அந்தக் கதை ஓடுகிறது.

ஆக, இருப்பது ஞாயிறு ஒன்றுதான். அதற்கு இரண்டு கொட்டாரம், அதாவது இரண்டு அரண்மனை போதும். முதலாவது திருவனந்தபுரத்தில் இல்லை, தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரத்தில் இருக்கிறது. எதிர்த்திசையில் அனுப்புகிறாரே என்று நினைப்பீர்கள். 1795 வரை திருவிதாங்கூருக்குத் தலைநகரம் அதுதான்; அங்கிருந்துதான் ராஜ்யம் திருவனந்தபுரத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய வீட்டைப் பார்த்துவிட்டுப் புது வீட்டுக்குப் போவதுதானே முறை? 1956 நவம்பர் 1 அன்று ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, கொட்டாரம் மட்டும் இன்னும் கேரளத் தொல்லியல் துறையின் கையில். உள்ளே இருப்பவர்கள் மலையாளத்தில் சொல்வார்கள், நாம் தமிழில் கேட்போம். களியக்காவிளைக்காரருக்கு இதில் என்ன புதுசு!

உள்ளே செருப்போடு விடமாட்டார்கள். அது நல்லதாய்ப் போயிற்று. அங்கே கண்ணுக்கு முன்னால் பாதம்தான் பார்க்க வேண்டும். கறுப்புத் தரை, வெயில் காலத்திலும் குளுகுளுவென்று இருக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு என்பார்கள். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் காக்காப்பொன் தகடு, அதுவும் நிறம் நிறமாக. அந்த வெளிச்சம் மரச்சட்டங்களுக்கு இடையில் இறங்கித் தரையில் விழும்போது, நிற்பது தண்ணீர்மேல் என்று தோன்றும். மூலிகை மரக்கட்டில், சீன ஜாடி இதையெல்லாம் எப்படியும் காட்டிவிடுவார்கள். தரையை யாரும் காட்டமாட்டார்கள். பிள்ளைகளை அங்கே இரண்டு நிமிஷம் சும்மா விடுங்கள்.

காலை ஒன்பது மணிக்கே போய்விட்டால் பதினொன்றரைக்குக் கிளம்பலாம். மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலுக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். இரண்டாவது கொட்டாரம் குதிரமாளிகை. அதற்கு மத்தியானம் இடைவேளை உண்டு, அதனால் சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போங்கள்.

திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் கட்டிய வீடு அது. பத்மநாபசுவாமி கோவிலை ஒட்டியே இருக்கிறது. இறவாரத்துக்குக் கீழே தாங்குகட்டைகளாக 122 மரக்குதிரைகள்; பெயர் அதனால் வந்ததுதான். ராஜா 1846-ல் முப்பத்துமூன்று வயதில் இறந்துபோனார், கட்டிய வீட்டில் அதிக நாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. மதினிக்குப் பாட்டில் பிரியம் உண்டென்றால் இதையும் சொல்லுங்கள்: இசையிலும் நாட்டியத்திலும் பேர்போன சகோதரர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இந்த ராஜாவின் சபையில்தான் இருந்தார். அவருக்கு ராஜா 1834-ல் யானைத்தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். நம்மூர் ஆள் ஒருவரின் வயலின் வாசிப்புக்கு அவ்வளவு மரியாதை.

நேப்பியர் மியூசியத்துக்குள் போக இந்தப் பயணத்தில் நேரம் கிடைக்காது. பரவாயில்லை, 1880-ல் திறந்த அந்தக் கட்டடத்தின் அழகில் பாதி வெளியிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் அந்த வழியாகப் போய்க் கூரையையும் கோபுரங்களையும் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு எங்கேயோ பார்த்த ஜாடை தெரியும். கட்டியவர் ராபர்ட் சிஷோம், மெரினா எதிரே இருக்கிற செனட் ஹவுஸைக் கட்டிய அதே ஆள்தான். பக்கத்திலேயே இருக்கும் ரவிவர்மா ஓவியங்களை அடுத்த தடவைக்கு வையுங்கள். காலில் முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை அங்கேதான் இருக்கிறாள். அவளை அரக்கப்பரக்கப் பார்க்கக் கூடாது.

திங்கள் காலையில் பத்மநாபசுவாமி கோவில். அப்புறம் கோவில் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்கிற கடிகாரம். மணியடிக்கும்போது தாடிக்காரர் வாயைத் திறப்பார், இரண்டு ஆடுகள் வந்து அவர் கன்னத்தில் முட்டும். பழைய யந்திரம், சில சமயம் மக்கர் பண்ணும். ஓடுகிறதா என்று பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு நில்லுங்கள்.

அண்ணனிடம் வேட்டி எடுத்து வரச் சொல்லுங்கள். பேன்ட் போட்டு வந்தால் கோவிலுக்குள் விடமாட்டார்கள், வாசலில் அவசரத்துக்கு வாங்குகிற வேட்டி இடுப்பில் நிற்காது.