தோட்டத்துப் பெண் ஒருவர் நாடாளுமன்றம் போக வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறேன், அரசியலுக்கு வர ஆசை, நம் பெண்கள் யாராவது நாடாளுமன்றம் வரை போயிருக்கிறார்களா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர் "ஏதாவது கட்சியின் மகளிர் பகுதியில் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றலாம், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது" என்று பதில் எழுதியிருக்கிறார். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. கீழே பல கட்சிப் பெயர்கள் வரும். எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்க நான் வரவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

முதலில் போனவர்களைப் பார்ப்போம். 1952இல் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில் நின்று வென்றவர் தேவகி கிருஷ்ணன். மலாயாவில் தேர்தலில் நின்று பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். ஜானகி ஆதி நாகப்பன் 1943இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டு, இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, அதன் துணைத் தளபதி வரை உயர்ந்தவர். 1946இல் மஇகா (இன்றைய மலேசிய இந்திய காங்கிரஸ்) தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் ஒருவர், பிறகு மேலவை உறுப்பினர், அதாவது செனட்டர். ஆக, தொடக்கத்திலேயே நம் பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் மக்களவைக்கு மக்கள் ஓட்டுப் போட்டு ஓர் இந்தியப் பெண்ணை அனுப்ப 2013 ஆகிவிட்டது: பினாங்கின் பத்து காவான் (Batu Kawan) தொகுதியில் ஜசெகவின் (ஜனநாயகச் செயல் கட்சி) கஸ்தூரிராணி பட்டு.

"அவர் பட்டுவின் மகள், அதனால் கிடைத்தது" என்று உடனே சொல்வார்கள். தந்தை பெரிய தலைவர், 1987இல் அரசியல்வாதிகளைக் கூட்டமாகக் கைது செய்த ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் உள்ளே போனவர், உண்மைதான். ஆனால் அந்தத் தொகுதியில் 2013இலும் 2018இலும் ஜெயித்தது மகள். 2022இல் அங்கே பினாங்கு முதலமைச்சர் சாவ் கோன் இயோ நிறுத்தப்பட்டார். இரண்டு முறை வென்றவருக்கும் இடம் நிரந்தரமில்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள். வேட்பாளர் பட்டியலை முடிவு செய்வது கட்சித் தலைமை. 2022 பொதுத்தேர்தலில் 222 இடங்களில் பெண்கள் வென்றது 30தான். ஓட்டுச்சாவடிக்கு வருவதற்கு முன்பே, பட்டியல் போடும் மேசையில் பெண்கள் பாதி தோற்றுப்போகிறார்கள்.

அதனால் மகளிர் பகுதியோடு நிற்காதீர்கள். தாய்க்கிளையில், அதாவது ஆண்களும் பெண்களும் சேர்ந்த கட்சிக் கிளையில், பதவி கேளுங்கள். முடிந்தால் செயலாளர் பதவி. உறுப்பினர் பட்டியல், சந்தா ரசீது, கூட்டக் குறிப்பு எல்லாம் செயலாளர் கையில் இருக்கும். ஆண்டுக்கூட்டம் நடத்தி அறிக்கையை நேரத்தோடு கட்சியின் தொகுதிக் குழுவுக்கு அனுப்பாத கிளை, கட்சிக் கூட்டங்களுக்குப் பேராளர் அனுப்பும்போது சிக்கலில் மாட்டும். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்பவரைத் தொகுதித் தலைவர் ஒதுக்க முடியாது. சாப்பாடு, மேடை அலங்காரம், வீடு வீடாகப் போவது எல்லாம் பெண்கள் தலையில் விழும். செய்யுங்கள், ஆனால் கணக்குப் புத்தகத்தைக் கைவிடாதீர்கள்.

உங்கள் தாப்பாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2022இல் அங்கே நம்பிக்கைக் கூட்டணி சார்பில் நின்ற சரஸ்வதி கந்தசாமி, மஇகாவின் சரவணனிடம் தோற்றார். அதே டிசம்பரில் செனட்டராகித் துணையமைச்சரும் ஆனார். அமைச்சரவைப் பொறுப்புக்கு இரு அவைகளில் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் போதும். மேலவையில் 70 இடம். 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்பும், 44 பேர் நியமனம். தவணை மூன்று ஆண்டு, அதிகபட்சம் இரண்டு தவணை. வயது 30 ஆகியிருக்க வேண்டும். மக்களவைக்கு இப்போது 18 போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தேவகி ஏறிய அந்த முதல் படியையே நாட்டில் எடுத்துவிட்டார்கள். 1965இல் நகராண்மைக் கழகம் உள்ளிட்ட ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது, 1976 சட்டத்தோடு அடியோடு போனது. இடையில் அதை ஆராய்ந்த அரச ஆணையம், தேர்தல் மீண்டும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தலைவர் ஜானகியின் கணவர் ஆதி நாகப்பன். யாரும் கேட்கவில்லை. இப்போது மாவட்ட மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. தோட்டத்துச் சாலையும் லயமும் (தொழிலாளர் வீட்டு வரிசை) தனியார் நிலம் என்பதால் மன்றம் எட்டிப் பார்க்காது, நிர்வாகம் தட்டிக் கழிக்கும். குப்பை யார் பொறுப்பு என்று கேட்டால் இரண்டு பக்கமும் கைகாட்டும். ஒரு வட்டாரத்தில் 3,000 ஓட்டு வாங்கி ஜெயித்துப் பழகக்கூடிய பெண், நேராக நாடாளுமன்றத் தொகுதியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம். இருந்தாலும் மன்ற உறுப்பினர் நியமனத்துக்கு உங்கள் பெயரைக் கொடுக்கச் சொல்லிக் கட்சியை விடாமல் கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தை, அதாவது 1990ஆம் ஆண்டின் சட்டம் 446ஐ, படித்து வைத்திருங்கள். வீடு, குடிநீர், பிள்ளைக் காப்பகம் பற்றி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க அதுதான் ஆதாரம்.

அடுத்தது ஓட்டு முகவரி. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள், மைகார்ட் (அடையாள அட்டை) முகவரிப்படி. தோட்டம் மூடி வீடு மாறியவர்கள் பலர் பழைய முகவரியை மாற்றவே இல்லை. உங்களுக்கு ஓட்டுப் போட நினைக்கும் குடும்பம் வேறு மாநிலத்தில் வாக்காளராக இருக்கும். தேர்தல் அறிவித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பதிவிலாகாவில் முகவரி மாற்றுவது, தேர்தல் ஆணையத்தில் தொகுதி மாற்றுவது இரண்டையும் ஆண்டு முழுக்கச் செய்து கொடுங்கள். இதைவிடப் பயனுள்ள பிரசாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

பணம்: நாடாளுமன்றத்துக்கு வைப்புத்தொகை 10,000 வெள்ளி (ரிங்கிட்), சட்டமன்றத்துக்கு 5,000. பதாகைகளுக்கு முறையே 5,000, 3,000 தனியாகக் கட்ட வேண்டும்; தேர்தல் முடிந்து அகற்றினால்தான் அது திரும்பும். செல்லுபடியான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு வாங்காவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். வேட்பாளர் செலவு வரம்பு 200,000 வெள்ளி, சட்டமன்றத்துக்கு 100,000.

வேட்புமனு நாளில் காலை ஒரு மணி நேரம்தான் தருவார்கள். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அதே தொகுதி வாக்காளர்களா என்று பட்டியலில் முன்கூட்டியே சரிபாருங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். கட்சிச் சின்னத்துக்கான கடிதத்தை மறக்காதீர்கள். மனுவுக்கு இன்னொரு முழு நகலும் கையில் இருக்கட்டும். 2018இல் நெகிரி செம்பிலானின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் மனுத்தாக்கல் செய்ய வந்த டாக்டர் ஸ்ரீராமை அனுமதி அட்டை இல்லையென்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்; எதிரணி வேட்பாளர் போட்டியின்றி வென்றார். நீதிமன்றம் அதை ரத்து செய்து 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. அப்போதும் அதே எதிரணி வேட்பாளரே வென்றார். 2,000 வெள்ளி அபராதம் பெற்றிருந்தால் தகுதி போகும். கோலாலம்பூரின் பத்து (Batu) என்ற தொகுதியில் அரசியல்வாதி தியான் சுவாவின் மனு 2018இல் அப்படித்தான் நிராகரிக்கப்பட்டது. மறியலில் கைதாகி அபராதம் கட்டியவர்கள் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். திவால் ஆனவர்களும் நிற்க முடியாது, ஆகவே பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓட்டு எண்ணும் ஒவ்வொரு சாலுரானுக்கும் (வாக்குச்சாவடி அறை) ஒரு முகவர் வேண்டும். எண்ணிக்கை முடிவை எழுதும் பாரம் 14இன் நகலை வாங்காமல் அவர் அறையைவிட்டு வரக்கூடாது. ஓர் அறையில் முகவர் இல்லையென்றால், அந்த எண்ணிக்கையைப் பிறகு எதிர்த்துக் கேட்க உங்களிடம் எதுவும் இருக்காது. கடைசியாக, முடிவு அரசிதழில் வந்த 31 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஐந்து ஆண்டு நிற்க முடியாது. பிரசாரத்தின் முதல் நாளிலிருந்தே ஒருவரை ரசீது சேர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.