மாட்டை எண்ணாதீர்கள், சாணியை நிறுங்கள்: உயிர்வாயு கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் 12 நாட்டு மாடுகள். பகலில் மேய்ச்சல், இரவில் பட்டி. சாணியைப் புளிக்கவைத்துச் சமையலுக்கு வாயு எடுக்கும் உயிர்வாயுத் (பயோகாஸ்) தொட்டி கட்டினால் கட்டுப்படியாகுமா? (வாசகர், மூதூர்)

பதில்: காலையில் பட்டியில் அள்ளக்கூடிய சாணியை ஒரு கிழமை தராசில் நிறுத்துப் பாருங்கள். நாட்டு மாடு நாளுக்கு 10 கிலோ போட்டாலும் பாதிக்கு மேல் மேய்ச்சல் தரையோடு போய்விடும். மாட்டுக்கு 4 கிலோ சேர்ந்தால் 48 கிலோ. ஒரு கிலோ பச்சைச் சாணி 35 முதல் 40 லீற்றர் வாயு தரும். ஐந்து பேர் சமைக்க 30 கிலோ சாணியும் 30 லீற்றர் தண்ணீரும் போதும். அதில் கிடைக்கும் ஒரு கன மீற்றர் வாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் காஸுக்குச் சமம். மாதம் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று மிச்சம்.

கட்டும் செலவைச் சிலிண்டர் விலையால் வகுத்தால், எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று தெரியும். விறகு காசில்லாமல் கிடைக்கும் வீட்டில் இந்தக் கணக்கு நிற்காது. அங்கே இலாபம், வாயு எடுத்த பிறகு தொட்டியிலிருந்து வெளியே வரும் சாணிக் குழம்பில்தான்; அது வயலுக்கு உரம். வருடம் 11 தொன் சாணியில் உள்ள நைதரசன், ஏறக்குறைய ஒன்றரை மூட்டை யூரியாவில் உள்ளதற்கு ஈடு. 2021இல் உரமில்லாமல் பட்ட பாட்டை நினைத்தால் அதன் பெறுமதி புரியும். ஆனால் குழம்பை வெயிலில் காயவிட்டால் நைதரசனில் கணிசமான பங்கு அமோனியாவாகப் பறந்துவிடும். ஈரமாகவே வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள், அல்லது வைக்கோல் குவியலில் ஊற்றி மக்க விடுங்கள்.

பட்டித் தரைக்கு முதலில் சீமெந்து போடுங்கள். சாணியோடு வரும் மணல் தொட்டியின் அடியில் தங்கி, வருடா வருடம் இடத்தைத் தின்னும். கட்டுமானத்தை ஆனி முதல் ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். மாரியில் நிலத்தடி நீர் ஏறினால் வெறும் தொட்டி மேலே தள்ளப்பட்டு விரிசல் விடும். காஸ் குழாயைச் சரிவாகப் பதித்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடியும் வால்வு வையுங்கள். சுவாலை துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் நீர் நிற்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரிக்கிறோம். அதைத் தொட்டியில் போடலாமா? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: சாணித் தொட்டியில் போடவே வேண்டாம். வைக்கோல் மிதந்து மேலே தடித்த ஆடையாகப் படியும், வாயு கீழேயே அடைபடும். அதோடு வைக்கோலில் கரிமம் மிக அதிகம், நைதரசன் குறைவு. தொட்டியில் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 20 முதல் 30 பங்கு கரிமம் வேண்டும். வைக்கோலில் அது 70ஐயும் தாண்டும். வைக்கோலுக்கென்று தனி முறை இருக்கிறது: சாணியையும் கலந்து ஒரே தடவையில் நிரப்பி மூடிவிட்டால் மாதக்கணக்கில் வாயு வரும். ஏக்கலவில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் உருவாக்கிய உலர் தொகுதி முறை அது. நிரப்பவும் வெளியே எடுக்கவும் ஆள்கூலி அதிகம் என்பதால் இரண்டு தொட்டி கட்டி மாறி மாறிப் பாவிப்பதே நல்லது. கிளிசரியா இலை சேர்த்தால் நைதரசன் குறை தீரும். உமி உதவாது.

கேள்வி: இந்த வாயுவில் இயந்திரத்தை ஓட்டி வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கலாமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: 5 குதிரைவலு டீசல் இயந்திரம் மணிக்கு 2 கன மீற்றருக்கு மேல் வாயு குடிக்கும். வீட்டுத் தொட்டியின் ஒரு நாள் வாயு அரை மணித்தியாலத்துக்கே காணாது, கூடவே கொஞ்ச டீசலும் வேண்டும். வாயுவில் உள்ள ஐதரசன் சல்பைட்டு இயந்திரத்தை அரிக்கும். அடுப்புக்கே வைத்துக்கொள்ளுங்கள்.