முன் பிரேக் பிடிக்கப் பயமா? பைக் பிரேக் கேள்வி பதில்

அண்ணா, முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்னு சொல்லித்தான் ஓட்டக் கத்துக் கொடுத்தாங்க. பின் பிரேக் மட்டும் போதுமா?

போதாது தம்பி. இந்தப் பழக்கத்தை முதல்ல மாத்துங்க. பிரேக் பிடிச்சதுமே வண்டியோட பாரம் முன்பக்கம் சாயுது. பின் சக்கரம் லேசாயிடுது, ஓங்கி மிதிச்சா சுத்தாம லாக் ஆகி இழுத்துக்கிட்டுப் போகும். வண்டியை நிறுத்துறதுல பெரும்பங்கு முன் பிரேக்கோடது. ஆளைக் கவிழ்க்கிறது அதை வெடுக்குன்னு பிடிக்கிறதுதான். லிவரை முதல்ல மெதுவா இழுங்க, முன் ஃபோர்க் அமுங்கும். டயர் தரையை நல்லாக் கவ்வின பிறகு இன்னும் இறுக்குங்க. பின் பிரேக்கும் கூடவே அளவா இருக்கட்டும். இதெல்லாம் ஒரு நொடிக்குள்ள நடக்கணும், அதனால காலி மைதானத்துல குறைஞ்ச வேகத்துல பழகுங்க. முன் சக்கரம் லாக் ஆனா உடனே விட்டு, மறுபடி மெதுவா பிடிங்க.

ஏபிஎஸ் வண்டி சார். திடீர்னு பிடிச்சப்போ லிவர் கையில துடிச்சுது, பயந்து விட்டுட்டேன்.

விடவே கூடாதுங்க. ஏபிஎஸ்னா சக்கரம் லாக் ஆகாம தடுக்கிற அமைப்பு. அதுக்காக பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்குது, அந்தத் துடிப்புதான் அது. வண்டி நிக்கிற வரைக்கும் பிடியைத் தளர்த்தாதீங்க. ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் இருக்கிற சிங்கிள் சேனல் வண்டின்னா பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு, பின்னாடி லாக் ஆகலாம்.

வளைவுல பிரேக் பிடிக்கலாமா?

வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க. சாய்ஞ்ச வண்டியில டயரோட பிடிப்புல ஒரு பங்கு திரும்புறதுக்கே போயிடும். நடுவுல தேவைப்பட்டா ரொம்ப மெதுவா பிடிங்க. சாதாரண ஏபிஎஸ்ஸை நம்பிச் சாய்ஞ்சபடி இறுக்காதீங்க.

60 கிலோமீட்டர் வேகத்துல எவ்வளவு இடைவெளி விடணும்?

அந்த வேகத்துல ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிடுவீங்க. ஆபத்தைப் பார்த்துக் கை லிவருக்குப் போறதுக்குள்ளேயே அந்தத் தூரம் முடிஞ்சிடும், நிக்கிற தூரம் அதுக்கு மேல. வேகம் இரண்டு மடங்கானா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்காகும். அதனால குறைஞ்சது 2 நொடி இடைவெளி, மழையில 4 நொடி. ஈர ரோட்டுல வெள்ளைக் கோட்டு மேல இறுக்கிப் பிடிக்கவே பிடிக்காதீங்க.

டிஸ்க் லிவர் பஞ்சு மாதிரி உள்ள போகுதே?

பிரேக் ஆயில் போற லைன்ல காத்து புகுந்திருக்கலாம், இல்லைன்னா அந்த ஆயில் பழசாயிருக்கலாம். டாட் 4 வகை பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பிரேக் சூடாகும்போது அந்தத் தண்ணி ஆவியாகி, லிவர் பிடிமானமில்லாம போயிடும். நீண்ட இறக்கத்துல இது உயிருக்கே ஆபத்து. அதனால 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, இறக்கத்துல கீர் குறைச்சு இன்ஜின் பிடிப்புல இறங்குங்க. டாட் 5 சிலிக்கான் வகை, இதோட கலக்கவே கூடாது.

டிஸ்க்கைக் கவ்வுற பிரேக் பேடை நானே மாத்தலாம்னு இருக்கேன் அண்ணா.

மாத்துங்க. கிரீஸ், செயின் ஸ்பிரே எதுவும் டிஸ்க்ல படக்கூடாது. பேடை அழுத்துற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளித்தான் புதுப் பேடு போடுவீங்க, அதனால முதல் அழுத்தத்துல லிவர் வெறுமனே உள்ள போகும். வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடியே, லிவர் கெட்டியாகிற வரைக்கும் பல தடவை அழுத்திப் பாருங்க.