பதில்: அயர்லாந்து ஏன் நெவாடாவைவிட அதிகம் அடிபட்டது?

அயர்லாந்து, அமெரிக்க மாநிலமான நெவாடா, இரண்டு இடங்களிலும் வீட்டு விலை சரிந்தது. அயர்லாந்து மட்டும் ஏன் கையேந்தியது என்று கேட்டிருக்கிறீர்கள். நட்டத்தை யார் சுமந்தார்கள் என்று பாருங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. 2008 செப்டம்பரில் நெவாடாவின் சில்வர் ஸ்டேட் வங்கி மூடப்பட்டது. அடியைத் தாங்கியது மாநிலக் கருவூலம் அல்ல, வங்கியில் மக்கள் போட்ட பணத்துக்குக் காப்பு தரும், அமெரிக்கா முழுமைக்குமான வைப்புக் காப்பீட்டு நிதி. முதியோர் ஓய்வூதியமும் வாஷிங்டனிலுள்ள மத்திய அரசிடமிருந்து தவறாமல் வந்தது. அதே மாதக் கடைசியில் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், ஒரே இரவில், ஆறு வங்கிகளின் கடனுக்கு அரசு தானே பிணை நின்றது. சின்ன நாட்டுக்கு எவ்வளவு பெரிய பாரம்! வங்கிகளுக்குள் போனது சுமார் 6,400 கோடி யூரோ. 2010இல் அறிவித்த 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்திலும் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தப் பணம். மீதி வெளியிலிருந்து வாங்கிய வட்டிக் கடன். உங்கள் கட்டுரையில் இந்த ஒரே செப்டம்பரின் இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வையுங்கள்.