மூன்று முறை பாவசங்கீர்த்தனம், இன்னும் நிம்மதி இல்லை

கேள்வி: என் அக்கா மகனின் புதுநன்மை (முதல் நற்கருணை) விருந்தில் ஒரு பாட்டில் பீர் குடித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து மனைவியையும் ஏழு வயது மகளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு 6 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து இது சாவான பாவமோ என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று சாமியார்களிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். மூவருமே மன்னிப்பு வழங்கினார்கள். ஆனாலும் சரியாகச் சொன்னேனா, எதையாவது விட்டுவிட்டேனா என்ற பயத்தில் நான்கு மாதமாகத் திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்கவில்லை. எவ்வளவு வரை குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பாவமில்லை என்று திருச்சபையின் கணக்கைச் சொல்லிவிட்டால் நிம்மதியாக இருப்பேன்.
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு பேர் சேர்ந்து எழுதியதுபோல இருந்தது. ஒருவர் நடந்து முடிந்ததை நினைத்து நடுங்குகிறார். இன்னொருவர் அடுத்த விருந்துக்கு அளவு கேட்கிறார். முதலாமவர் படும் பாடு எனக்குப் புரிகிறது. இரண்டாமவரிடம் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேச வேண்டும்.

முதலில் நடுங்குகிறவருக்கு. நீங்கள் மனம் வருந்திச் சொன்னீர்கள், முதல் சாமியார் கையை உயர்த்தி மன்னிப்பு மொழியைச் சொன்னார். அந்த நிமிடமே அது மன்னிக்கப்பட்டுவிட்டது. ஆன்மாவுக்கே சாவாகும் பெரும் பாவத்தைத்தான் சாவான பாவம் என்கிறோம். அதற்குக் கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1857). அன்று உங்களிடம் அந்த மூன்றும் எவ்வளவு இருந்தன என்று இன்று தராசு பிடிக்க வேண்டியதில்லை. சாவானதோ, அற்பமானதோ, அது கடவுளின் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது. வேண்டுமென்றே மறைக்காதவரை, சொல்ல மறந்த விவரமும் அந்த மன்னிப்புக்குள் அடங்கும்.

இந்த வேதனை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்த, பின்னாளில் சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், தன் பாவங்களையெல்லாம் எழுதிவைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார். நிம்மதி வரவில்லை. மறுபடி செய்தார், மறுபடியும் அதே அரிப்பு. "மிகத் தெளிவான பாவம் தவிரப் பழையது எதையும் இனிச் சொல்லாதே" என்று ஆன்ம குரு கட்டளையிட்டார். அதுவும் பலிக்கவில்லை, ஏனென்றால் அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தது! தன் அறையில் இருந்த ஒரு பெரிய பள்ளத்தில் குதித்து உயிரை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில், பழைய பாவம் எதையும் இனிப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை என்று உறுதி எடுத்த பிறகுதான் விடுதலை கிடைத்தது.

மேலைநாட்டு மறையியலார் இந்த நிலைக்கு வைத்திருக்கும் பெயர் (scruples), கூரான சிறு கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் கல் மாட்டிக்கொண்டவனை நினைத்துப் பாருங்கள். அவன் கண் முழுக்கத் தன் காலிலேயே இருக்கும், எதிரே வருவது தெரியாது. இதற்குத் திருச்சபை நெடுங்காலமாகச் சொல்லிவரும் மருந்து ஒன்றுதான்: ஒரே ஆன்ம குருவை வைத்துக்கொண்டு, அவர் "போதும்" என்றால் போதும் என்று விட்டுவிடுவது. தானே இந்த வேதனையை அனுபவித்த அறநெறி மறையியலாளர் புனித அல்போன்ஸ் லிகோரியாரும் இதையே சொன்னார். சரி, ஜெபத்தைச் சரியாகச் சொன்னேனா, கையைச் சரியாகக் கழுவினேனா என்று மற்ற விஷயங்களிலும் இந்தச் சுழற்சி இருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். எண்ணச் சுழற்சி நோய்க்கு (OCD) நல்ல சிகிச்சை உண்டு. அது விசுவாசக் குறைவு அல்ல.

இனி அளவு கேட்கிறவருக்கு.

கானாவூரில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய இயேசுவை வணங்குகிறோம். குடிப்பதே பாவம் என்று திருச்சபை சொன்னதில்லை. ஆனால் குடிபோதையாலோ வேக மோகத்தாலோ சாலையில் தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து உண்டாக்குகிறவர்கள் கனமான குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்று மறைக்கல்வி நூல் (எண் 2290) தெளிவாகச் சொல்கிறது. "விபத்து ஆனால்" என்ற நிபந்தனை அங்கே இல்லை, ஆபத்து உண்டாக்குவதே போதும். "ஒன்றும் ஆகவில்லை" என்பது நல்ல செய்தி, அவ்வளவுதான். 2007-ல் வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பயண வழிகாட்டியில் ஓட்டுநர்களுக்கென்றே பத்துக் கட்டளைகள் உண்டு. மோசேயின் பலகையில் நாம் ஐந்தாவதாகச் சொல்லும் 'கொலை செய்யாதே' அங்கே முதல் கட்டளை.

நீங்கள் கேட்ட மில்லி கணக்கு திருச்சபையிடம் இல்லை. சட்டத்திடம் இருக்கிறது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதைத் தாண்டினால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. இப்போது உங்கள் 'ஒரு பீர்' கணக்கைப் பாருங்கள். நம் ஊர் பாட்டில் 650 மில்லி. 'ஸ்ட்ராங்' என்றால் 8 சதவீதம் வரை ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆண் அதை முழுதாகக் குடித்தால், ஒன்றரை மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் சட்ட வரம்பைப்போல இருமடங்கு நிற்கக்கூடும். (இதைப் படித்ததும் நாலாவது சாமியாரிடம் ஓடாதீர்கள். அது முடிந்த கதை, நான் சொல்வது அடுத்த தடவைக்கு.) அந்த 100 மில்லி கணக்கில், ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். காபியும் குளியலும் மோரும் அதை அவசரப்படுத்தாது.

பல வருடங்களுக்கு முன் ஓர் அடக்கத் திருப்பலிக்குப் போயிருந்தேன். இறந்தவர் அதிகாலை ஐந்து மணிக்கு சைக்கிளில் பால் கேன் கொண்டுபோனவர். மோதியவர் இரவு ஒரு மணி வரை கல்யாண வீட்டில் குடித்தார், கொஞ்சம் தூங்கினார், தெளிந்துவிட்டது என்று நம்பி வண்டியை எடுத்தார். ஒரு மணிக்கு ரத்தத்தில் 130 மில்லிகிராம் இருந்தால் ஐந்து மணிக்கும் 70 இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கோயில் முற்றத்தில் நசுங்கிய கேன் ஒன்றை யாரோ சைக்கிளோடு சாய்த்துவைத்திருந்தார்கள். இறந்தவரின் மகன் அதன் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

மோதியவர் கெட்ட மனிதர் இல்லை. அன்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருப்பார், "நான் நிதானமாகத்தானே இருக்கிறேன்?" என்று. ஆம் என்றுதான் பதில் வந்திருக்கும். மனச்சான்று என்ற நம் சொல்லிலேயே சான்று, அதாவது சாட்சி, இருக்கிறது. மது கை கால்களைத் தள்ளாடவைப்பதற்கு முன்பே அந்தச் சாட்சியைக் கலைத்துவிடுகிறது. குடித்த பிறகு அதனிடம் கேட்டுப் பயனில்லை, நான்கு மாதமாகக் குறுக்கு விசாரணை செய்தும் பயனில்லை. விருந்துக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டும்போது கேளுங்கள். அப்போது அது உண்மையைச் சொல்லும். உங்களைப்போல எதற்கும் கணக்குப் பார்க்கும் மனதுக்குக் கணக்கே இல்லாத விதிதான் நல்லது: வண்டி ஓட்டும் நாளில் ஒரு சொட்டும் வேண்டாம், குடிக்கிற நாளில் சாவியைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. கடிதம் முழுக்க உங்கள் பாவம், உங்கள் பயம், உங்கள் நிம்மதி. பின்னால் உட்கார்ந்து வந்த மனைவியும் மகளும் ஒரே வரியில் வந்துபோகிறார்கள். மூன்று சாமியார்களிடம் சொன்னதை அந்த அம்மாவிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்று ராத்திரி, பிள்ளை தூங்கிய பிறகு, ஒரே ஒரு முறை சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் திரும்பாமல் நேராக நற்கருணை வரிசையில் போய் நில்லுங்கள். அப்புறம் அடுத்த விருந்துக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள்.